சந்தேகமில்லாத அணுக்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி மாணவிகளிடம், எக்ஸ் கதிரைக் கொண்டு மூலக்கூறுகளின் கட்டமைப்பைக் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கினைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. 24 வயதில் முடக்குவாதம், மூன்று குழந்தைகள், 1964-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு, அப்போது அவரை ‘ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசி’ என்று தலைப்பிட்ட பத்திரிகை, மார்கரெட் தாட்சர் அவரிடம் படித்தது என்று குறிப்பெடுத்திருக்கிறேன். இன்சுலினுக்காக 34 ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்தார் என்பதை மையமாக வைத்துப் பேசலாமா? மனதில் தங்கும்படி வேறு நிகழ்ச்சி ஏதும் உண்டா?

வி.

அன்புள்ள வி.,

குழந்தைகளிடம் பேசுவதற்கு ஒரு படிகவியலாளரைத் தேர்ந்தெடுத்தீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி. ஆனால் ‘பொறுமையாகக் காத்திருந்தார்’ என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஹாட்ஜ்கினைப் பற்றி யார் எழுதினாலும் இந்தப் பொறுமை முதல் வரியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1935-ல் இன்சுலின் படிகத்தின் எக்ஸ் கதிர்ப் படம், 1969-ல் அதன் கட்டமைப்பு. இடையில் அவர் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. 1945-ல் பெனிசிலினின் கட்டமைப்பை முடித்தார், 1955, 56-ல் வைட்டமின் பி12-ன் கட்டமைப்பை முடித்தார். இன்சுலினை எடுத்து வைத்ததற்குக் காரணம், அன்று அதைத் தீர்க்கும் வழி உலகில் யாரிடமும் இல்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்ததுதான்.

தாட்சரை விட்டுவிடுங்கள், அது அரசியல் துணுக்கு. அந்தத் தலைப்பையும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுங்கள். முடக்குவாதத்தைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் கண்ணீர் வரவழைக்க வேண்டாம். எக்ஸ் கதிர்க் கருவியின் மெயின் சுவிட்சை விரல்களால் தள்ள முடியாமல் போனபோது அதற்கு நீளமான ஒரு நெம்புகோலைப் பொருத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இது போதும்.

இனி வேலையைப் பற்றி. படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினால் ஃபிலிமில் புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலை. புள்ளி எவ்வளவு கருத்திருக்கிறது என்று அளந்து வர்க்கமூலம் எடுத்தால் அலையின் உயரம் கிடைத்துவிடும். அந்த அலையின் முகடு எங்கே வருகிறது என்பது மட்டும் ஃபிலிமில் பதியாது. இதைத்தான் ஃபேஸ் என்கிறோம். உயரமும் ஃபேஸும் சேர்ந்தால்தான் அலைகளையெல்லாம் கூட்டி எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடம் போட முடியும், அணுக்கள் எங்கே என்று பார்க்க முடியும். பாதித் தகவல் தொலைந்துபோன கணக்கு இது.

தொலைந்ததை மீட்க ஒரு கனமான அணு உதவும். பி12-ல் கோபால்ட் இருக்கிறது. அதன் இடத்தைக் கண்டுபிடித்து, அது மட்டுமே இருந்தால் ஃபேஸ் என்னவாக இருக்கும் என்று கணக்கிட்டு, அதை அளந்த உயரங்களோடு சேர்த்து முதல் வரைபடம் போடலாம். அதற்குக் கோபால்ட் போதுமா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அணுவின் பங்கை அதன் எலெக்ட்ரான் எண்ணிக்கையின் வர்க்கத்தால் அளக்கலாம். கோபால்ட்டில் 27 எலெக்ட்ரான், வர்க்கம் 729. மற்றப் பக்கம் 63 கார்பன், 14 நைட்ரஜன், 14 ஆக்சிஜன், ஒரு பாஸ்பரஸ். இவற்றில் ஒவ்வோர் அணுவின் எலெக்ட்ரான் எண்ணிக்கையையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 4,075 வருகிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம். இங்கே ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே முதல் வரைபடத்தில் உண்மையான அணுக்களோடு பொய் மேடுகளும் கலந்தே நிற்கும்.

பயங்கரமான இடம் இதுதான். வரைபடத்தில் ஒரு மேட்டைப் பார்த்து, ‘இது கார்பன்’ என்று எடுத்து அடுத்த கணக்கில் சேர்க்கிறீர்கள். அது தப்பாக இருந்தாலும் அடுத்த வரைபடத்தில் அதே இடத்தில் ஒரு மேடு எழும். அங்கே அணு இருப்பதால் எழுவதில்லை, நீங்கள் வைத்ததால் எழுகிறது. நாம் போட்டதே நமக்குத் திரும்பி வந்து ‘பார், நான் இருக்கிறேன்’ என்று சொல்லும். ஆசையோடு பார்ப்பவருக்கு அது நிரூபணமாகவே தோன்றும். இன்று கணினியில் சில நொடிகளில் கணக்கு முடிந்தாலும் இந்தப் பொறி அப்படியேதான் இருக்கிறது.

ஹாட்ஜ்கின் செய்தது என்ன? சந்தேகமில்லாத அணுக்களை மட்டும் சேர்த்தார். மற்றவற்றை வெளியே வைத்தார். மறுபடி கணக்கு, மறுபடி வரைபடம். சேர்க்காத இடத்தில் ஒரு மேடு தானாக எழுந்து, சுற்றுக்குச் சுற்று உயர்ந்தால் அப்போது சேர்ப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்கு மலைபோலக் குவியும். லாஸ் ஏஞ்சலிசில் படிகவியலாளர் கென்னத் ட்ரூபிளட் கணினியில் போட்டு அனுப்புவார், முடிவுகள் தபாலில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வரும்.

இதற்குப் பலன் கிடைத்தது பி12-ன் நடு வளையத்தில். ரத்தத்தின் ஹீம் போல அதிலும் நான்கு ஐங்கோண வளையங்கள். ஹீமில் அவற்றை நான்கு கார்பன் பாலங்கள் இணைக்கின்றன. இங்கும் நான்கு இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வரைபடத்தில் மூன்று பாலங்களே தெரிந்தன. நான்காவது இடத்தில் இரண்டு வளையங்கள் நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தன. ‘இருந்தாக வேண்டும்’ என்று அங்கே ஒரு கார்பனை வைத்திருந்தால் அதற்கும் ஒரு மேடு எழுந்திருக்கும். அவர் வைக்கவில்லை. அதற்கு முன் வேதியியலாளர் எவரும் கண்டிராத அந்த வளையத்துக்கு இன்று காரின் என்று பெயர்.

இதைப் போய்ப் பொறுமை என்கிறீர்களே! கண்ணில் படாததை நிரப்ப மறுப்பது வேறு குணம். இன்சுலினிலும் அதே கதைதான். 1938-ல் அவர் இன்சுலினின் பேட்டர்சன் வரைபடங்களை வெளியிட்டார். ஃபேஸ் இல்லாமல் போடக்கூடியது அது. அணுக்களின் இடத்தைக் காட்டாது, அணுக்களுக்கு இடையிலான தூரங்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும். கணிதவியலாளர் டோரதி ரிஞ்ச் அதே வரைபடங்களை எடுத்துக்கொண்டு, புரதம் கூண்டுபோல மடிந்த வலை என்று சொல்லும் தன்னுடைய சைக்ளால் கொள்கைக்கு ஆதாரம் என்றார். படிகவியலாளர்கள் பெர்னலும் பிராகும் 1939-ல் அதை மறுத்து எழுதினார்கள். வரைபடத்துக்குச் சொந்தக்காரர் அதிலிருந்து எந்தக் கட்டமைப்பையும் உரிமை கோரவில்லை.

1953-க்குப் பிறகு, மேக்ஸ் பெருட்ஸ் ஹீமோகுளோபினில் பாதரசத்தைச் சேர்த்து ஃபேஸ் பெறும் வழியைக் காட்டிய பிறகு, இன்சுலினுக்குக் கதவு திறந்தது. திறந்த கதவும் இறுகிய கதவு. இன்சுலின் படிகத்தில் இருக்கும் துத்தநாகத்தை நீக்கி, ஈயம் போன்ற கனஉலோகத்தைப் படிகத்துக்குள் ஊறவிட வேண்டும். உலோகம் நுழையும்போது மூலக்கூறுகள் கொஞ்சம் நகர்ந்தால் புள்ளிகளின் கருமை அதனாலும் மாறும். எது உலோகத்தால் வந்த மாற்றம், எது நகர்வால் வந்தது என்று பிரிக்க முடியாமல் அந்தப் படிகம் வீணாகும். 1969-ல் 2.8 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் கட்டமைப்பு வெளியானது. கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் ஹாட்ஜ்கின் முதலில் இல்லை. பெங்களூரிலிருந்து போன எம். விஜயனின் பெயரும் அதில் இருக்கிறது.

நீங்கள் கேட்ட நிகழ்ச்சி மறந்தே போனது. 1935-ஐச் சொல்லுங்கள். வேதியியலாளர் ராபர்ட் ராபின்சன் கொடுத்த மிகச் சிறிதளவு இன்சுலினிலிருந்து அவரே வளர்த்த படிகம். பல மணி நேரம் கதிரில் வைத்திருந்த ஃபிலிமை இரவில் கழுவிப் பார்த்தால், நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள். மகிழ்ச்சி தாங்காமல் ஆக்ஸ்ஃபோர்டு தெருக்களில் நடந்து திரிந்தார். மறுநாள் காலை கண் விழித்ததும் ஒரு பயம் வந்தது. தான் படமெடுத்தது புரதமே இல்லாமல் வேறு ஏதாவது உப்பாக இருந்தால்? காலை உணவுக்குக்கூட நிற்காமல் ஆய்வகத்துக்கு ஓடினார். ஒரு படிகத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் புரதச் சோதனை செய்து பார்த்தார். புரதம்தான்.