ஜோன் மெக்லாஃப்லின்: கிற்றார்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கிற்றார்காரர்கள் இங்கிலாந்துக் கிற்றார் மேதை ஜோன் மெக்லாஃப்லினைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. முக்கால்வாசிப் பேர் வேகத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஆளைப் பார்ப்போம்.

களுவாஞ்சிகுடி: அவர் றொக் வாசிப்பவரா, ஜாஸ் வாசிப்பவரா, நம்ம சங்கீதமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள் அண்ணன்.

எல்லாரும் சொல்வது சரிதான் தம்பி, எந்த வருஷத்து மெக்லாஃப்லின் என்பதைப் பொறுத்தது. 1942 ஜனவரி 4ஆம் திகதி இங்கிலாந்தில் டொன்காஸ்டரில் பிறந்தார். தாய் வயலின் வாசிப்பவர். 11 வயதில் கிற்றார் பிடித்தவர், லண்டனில் புளூஸ், ஜாஸ் குழுக்களில் வாசித்து, 1969இல் டிரம்ஸ் மேதை டோனி வில்லியம்ஸின் குழுவில் சேர அமெரிக்கா போனார். போன கையோடு ஜாஸ் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டார். அதே வருஷம் பதிவான 'பிச்சஸ் புரூ' இசைத்தட்டில் ஒரு உருப்படிக்கு மைல்ஸ் வைத்த பெயரே 'ஜோன் மெக்லாஃப்லின்'.

1971இல் தொடங்கியது மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா. பில்லி கொபாம் டிரம்ஸ், ஜான் ஹாமர் கீபோர்ட், ஜெரி குட்மன் வயலின், ரிக் லெயார்ட் பேஸ். 'மகாவிஷ்ணு' என்பது குரு ஸ்ரீ சின்மொய் இவருக்கு இட்ட பெயர். படங்களில் நீங்கள் பார்க்கும் இரட்டைக் கழுத்து கிப்சன் இந்தக் காலத்துடையது, மேல் கழுத்தில் 12 கம்பி, கீழ்க் கழுத்தில் 6. அந்த ஐவர் கூட்டணி 1973 முடிவோடு கலைந்தது.

காரைதீவு: 'சக்தி' குழுவில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் இருந்தாராமே?

'சக்தி' என்பது மெக்லாஃப்லின் இந்திய இசைக்காரர்களோடு சேர்ந்து வாசித்த குழு. அதில் வயலின் வாசித்த எல். சங்கரைச் சொல்கிறீர்கள். பிறந்தது சென்னையில், வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். தகப்பனார் வி. லட்சுமிநாராயணா அங்கே சங்கீதம் கற்பித்தார். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. தபேலா ஜாகிர் ஹுசைன், கடம் விக்கு விநாயக்ராம். 1975இல் மேடையில் பதிவாகி 1976இல் வந்த முதல் இசைத்தட்டில் ஆர். ராகவனின் மிருதங்கமும் இருக்கிறது. அம்ப் அதிர வாசித்துக்கொண்டிருந்த மனிதர் மரக் கிற்றாரோடு சம்மணம் கட்டி உட்கார்ந்தது அப்போதுதான். இடையில் வீணையும் படித்திருக்கிறார்.

1997இல் குழு திரும்ப எழுந்த பிறகு மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் எல்லாரும் வந்தார்கள். 2023இல் வந்த 'திஸ் மோமென்ட்' 2024இல் கிராமி வாங்கியது. யாழ்நூல் எழுதிய விபுலாநந்த அடிகளின் ஊரிலிருந்து கேட்கிறீர்கள், சுருதி விஷயத்தை உங்களுக்கு நான் விளக்கப்போவதில்லை!

அக்கரைப்பற்று: அவருடைய கிற்றாரில் ப்ரெட்டுக்கு (மெட்டுக்கு) இடையில் குழி தோண்டியிருக்கிறது. அரம் வாங்கி நானே செய்யலாமா சேர்?

செய்யலாம். ஆனால் இருக்கிற ஒரே கிற்றாரில் கை வைக்காதீர்கள்.

வீணையில் மெட்டு உயர்ந்து நிற்பதால் விரல் அடிப்பலகையில் முட்டாது, கம்பியைத் தாராளமாக இழுத்துக் கமகம் எடுக்கலாம். குழியும் அதே வேலையைத்தான் செய்கிறது. கிப்சன் ஜே-200 உருவில் ஏப்ரகாம் வெக்டர் செய்துகொடுத்த அவருடைய கிற்றாரில், ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக 7 சுருதிக் கம்பிகளும் உண்டு.

முதலில் 12ஆம் ப்ரெட்டுக்கு மேல் மட்டும் செய்து பாருங்கள். கம்பியைக் கழற்றி, கழுத்துக்குக் கீழே துணிச் சுருள் வைத்து, ஒவ்வொரு ப்ரெட்டையும் மாஸ்கிங் டேப்பால் இரண்டு மடங்கு மூடுங்கள். வட்ட அரத்தால் நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போக வேண்டும், ப்ரெட்டின் அடியில் 1 மில்லிமீற்றர் மரம் அப்படியே நிற்கட்டும். விரல் பலகை பெரும்பாலும் 5, 6 மில்லிமீற்றர்தான் தடிப்பு. 2 மில்லிமீற்றருக்கு மேல் ஆழம் போனால் கழுத்து பலவீனப்படும், உள்ளே பதித்த புள்ளிகளும் கையோடு வந்துவிடும். பிறகு 120, 240, 400 சாண்ட் பேப்பர். ரோஸ்வுட் என்றால் எண்ணெய் போதும், மேப்பிள் என்றால் திரும்ப வார்னிஷ் அடிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வியர்வை ஊறிக் கறுக்கும்.

செய்து முடித்ததும் "கோர்ட் எல்லாம் சுருதி ஏறுது" என்று வருவீர்கள். கிற்றாரில் பிழை இல்லை. அடியில் பலகை தடுக்காததால் அழுத்த அழுத்தக் கம்பி இழுபடுகிறது. 9ஆம் நம்பர் மெல்லிய கம்பியில் இது மோசம். 11 போட்டு, டியூனரைப் பார்த்துக்கொண்டே லேசாக அழுத்திப் பழகுங்கள். குழியை மட்டும் திரும்ப நிரப்ப முடியாது.

மட்டக்களப்பு நகர்: பைலாக் குழுவில் வாசிக்கிறேன். 6/8 கையில் ஊறிப்போச்சு. அவருடைய 7, 9 எல்லாம் தலை சுத்துது.

பைலாக்காரருக்குத்தான் இது லேசு. உங்கள் 6 என்பது தகிட தகிட. இரண்டாவது தகிடவைத் தகதிமி ஆக்குங்கள்: தகிட தகதிமி. 7 வந்துவிட்டது. 9 என்றால் தகதிமி தகதகிட.

கிற்றாரைத் தொடாமல் 5 நிமிஷம் வாயால் சொல்லுங்கள், 'தகிட'வின் த, 'தகதிமி'யின் த இரண்டுக்கும் மட்டும் கைதட்டு. மெட்ரோனோம் எழுத்துக்கு ஒரு தட்டாக, நிமிஷத்துக்கு 80இல். அடுத்து இடது கையால் கம்பியை அடக்கிக்கொண்டு வலது கை மட்டும். சுரம் அதற்குப் பிறகுதான்.

இங்கே ஒரு பொறி உண்டு. கீழ், மேல் என்று மாறி மாறி அடித்தால், ஏழாவது எழுத்து கீழ் அடியில் முடியும், அடுத்த சுற்று மேல் அடியில் தொடங்கும். அந்த 'த'வுக்குப் பலம் இராது, உடனே கை தன்னிச்சையாக ஓர் அடியை விழுங்கி 6க்கு ஓடிப்போகும். ஆகவே இரண்டு சுற்றைச் சேர்த்து 14 ஆகப் பழகி, மேல் அடியிலும் அதே அழுத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அவரே 2007இல் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) கற்பிக்கும் டிவிடி ஒன்று வெளியிட்டிருக்கிறார்.

ஏறாவூர்: சரி, வேகம்?

இன்னொரு கிற்றார் மேதை அலன் ஹோல்ட்ஸ்வேர்த் பெரும்பாலும் இடது கையால் சுரங்களை வழுக்கவிடுவார். மெக்லாஃப்லின் அநேகமாக ஒவ்வொரு சுரத்தையும் பிக்கால் அடிப்பார், அதனால்தான் மிருதங்கச் சொல் மாதிரிக் கேட்கிறது. பிக் நுனி 3 மில்லிமீற்றர் மட்டும் வெளியே தெரியட்டும். தடுமாற்றம் எப்போதும் கம்பி மாறும் இடத்தில்தான் வரும், முழு ஸ்கேலையும் ஓட்டாமல் அந்த 2 சுரத்தை மட்டும் திருப்பித் திருப்பி அடியுங்கள். பிசிறடித்தால் மெட்ரோனோமில் 10 குறையுங்கள்.

கல்லடி: ஒரு மாதத்திலேயே கம்பி துருப்பிடிக்குது.

கடல்காற்று தங்கச்சி. வாசித்து முடிந்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள், யன்னலோரச் சுவரில் மாட்ட வேண்டாம். மாரி மழைக்கு மரம் ஊதிக் கம்பி உயர்ந்தால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை (ட்ரஸ் ரொட்) கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

திருக்கோவில்: எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

'ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ'. 1980 டிசம்பர் 5 கச்சேரி, கூட பாகோ டி லூசியா, அல் டி மியோலா. மூன்றும் மரக் கிற்றார் என்பதால் யார் வாசிப்பது என்று முதலில் குழம்பும். பிக்கில்லாமல் விரலால் வாசிப்பவர் பாகோ, அவரைப் பிரித்துவிட்டால் மற்ற இருவரும் தெளிவார்கள். அதன் பிறகு 'சக்தி'யின் முதல் இசைத்தட்டு, ஹெட்போனில், தாளம் போட்டுக்கொண்டு.