வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்னென்ன இலவச சாஃப்ட்வேர் போடலாம்? உபயோகமான தளங்கள், டிப்ஸ் இருந்தால் சொல்லுங்களேன்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஏழு வருஷம் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது வேறு வேலை. ஆனாலும் மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் பிளாட்டில் யார் வீட்டு பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் எங்கள் வீட்டு காலிங் பெல்தான் அடிக்கும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சாஃப்ட்வேர் பட்டியலுக்கு வருகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் முதல் வாரம். அடையாறு பெருக்கெடுத்து சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று இரு கரையும் மூழ்கியது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் கடை வாசலில் சிபியுக்கள் வரிசை கட்டி நின்றன. ஜாபர்கான்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர், சிபியுவைக் கோணிப்பையில் சுற்றி ஆட்டோவில் கொண்டு வந்தார். மூடியைக் கழற்றினால் ஃபேன் இறக்கைக்கு நடுவில் களிமண் காய்ந்து கிடக்கிறது. மதர்போர்டின் உச்சியில் பழுப்பாக ஒரு கோடு, தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது.

"தம்பி, கம்ப்யூட்டர் போனா போவட்டும்பா. பொண்ணு கல்யாண போட்டோ, எங்கம்மா பேசுற வீடியோ ஒண்ணு இருக்கு. அது மட்டும் எடுத்துக் குடுத்துடு."

ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு குட்டித் துளை இருக்கும். அது வழியாகச் சேறு உள்ளே இறங்கியிருந்தது. அதோடு விட்டிருந்தாலாவது டேட்டா ரெக்கவரி லேபுக்கு அனுப்பிப் பார்த்திருக்கலாம். அவர் வீட்டில் "ஓடுதா பாக்கலாம்" என்று ஒருமுறை கரண்ட் கொடுத்திருக்கிறார். தட்டு சுற்றி, மண் துகள் அதைப் படிக்கும் ஹெட்டில் மாட்டி, தட்டையே கீறிவிட்டது. கல்யாண போட்டோ சம்பந்தி வீட்டுப் பென்டிரைவிலிருந்து கிடைத்தது. அம்மா வீடியோ யாரிடமும் இல்லை.

கடையில் இருந்த வருஷமெல்லாம் இதே கதைதான், வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும். விண்டோஸ் போனதென்று யாரும் அழுததில்லை, போட்டோ போய் அழுதவர்கள்தான் அதிகம். விண்டோஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம், கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் இலவசமாக மறுபடி இறக்கிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுச் சமாச்சாரத்தை எந்தத் தளத்திலும் டவுன்லோட் பண்ண முடியாது. அதனால் என் பட்டியலில் முதலில் வருவது சாஃப்ட்வேரே இல்லை, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்.

அதற்குத் துணையாக ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள். இடப்பக்கம் உங்கள் கம்ப்யூட்டர் ஃபோல்டர், வலப்பக்கம் எக்ஸ்டர்னல் டிஸ்க். 'கம்பேர்' தட்டினால் எது புதிது, எது மாறியிருக்கிறது என்று காட்டும், 'சிங்க்ரனைஸ்' தட்டினால் அதை மட்டும் நகலெடுக்கும். அதில் 'மிரர்' என்று ஒரு முறை இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நீங்கள் தெரியாமல் இங்கே அழித்த போட்டோவை அங்கேயும் அழித்துவிடும். வீட்டுக்கு 'அப்டேட்' முறைதான் சரி, அது சேர்க்கும், அழிக்காது. முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். எப்போதும் சொருகியே வைத்திருந்தால், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் ரெண்டையும் சேர்த்துப் பூட்டும். நான் ரெண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன், ஒன்று தாம்பரத்தில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்வோம். அக்காவுக்கு இதில் ஏக சிரிப்பு.

கூகுளில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், நல்லது. ஆனால் அந்த 15 ஜிபி என்பது மெயில், போட்டோ, டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ரெண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து முடிந்தால் நிரம்பிவிடும்.

இனி சாஃப்ட்வேர். வீடியோவுக்கு விஎல்சி, வேறெதுவும் தேடாதீர்கள். 1996-இல் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த ப்ராஜெக்ட், இன்றைக்கும் இலவசம், விளம்பரம் கிடையாது. வீட்டில் பழைய கல்யாண டிவிடி இருந்தால் டிவிடி டிரைவ் வேலை செய்யும்போதே விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள், ஓடினால் அன்றைக்கே ஃபைலாக மாற்றி வைத்துவிடுங்கள். அந்தத் தட்டுகள் நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும்.

எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ். பிள்ளைகள் ப்ராஜெக்ட், அசோசியேஷன் மெயின்டனன்ஸ் கணக்கு, லெட்டர் எல்லாவற்றுக்கும் போதும். யாரோ பென்டிரைவில் தரும் கிராக் ஆபீஸ் வேண்டாம். கடைக்கு வந்த வைரஸ் கேஸ்களில் பாதிக்கு மேல் அந்த 'ஆக்டிவேட்டர்' ஃபைலில்தான் ஆரம்பித்திருக்கும். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இதை ரன் பண்ணுங்க" என்று எழுதியிருந்தால், கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்க என்று திருடனே சொல்கிற மாதிரி.

வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் படங்களைப் பார்க்க, அளவு மாற்ற உதவும் இர்ஃபான்வியூ கட்டாயம். போட்டோ 20-லிருந்து 50 கேபிக்குள், கையெழுத்து 10-லிருந்து 20 கேபிக்குள் என்று கேட்பார்கள். கடைசி நாள் ராத்திரி கண்ட தளத்தில் போட்டோவையும் கையெழுத்தையும் ஏற்றிச் சுருக்குகிறோம். கையெழுத்தை முன்பின் தெரியாதவனுக்கு அனுப்புகிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இர்ஃபான்வியூவில் படத்தைத் திறந்து, கன்ட்ரோலும் ஆரும் அழுத்தினால் அளவு மாற்றலாம். ஜேபெக்காகச் சேமிக்கும்போது வரும் சின்னப் பெட்டியில் எத்தனை கேபி வேண்டுமென்று எண்ணைப் போட்டால் அதற்குத் தக்கபடி சுருக்கித் தரும். பிடிஎஃப் சேர்க்க, பிரிக்க பிடிஎஃப்24. அதை இன்ஸ்டால் பண்ணிக்கொண்டால் எல்லாம் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கும், ஃபைல் வெளியே போகாது.

பிடிஎஃப் என்றதும் ஞாபகம் வருகிறது. மாசத்துக்கு ஒருவராவது "ஆதார் டவுன்லோட் பண்ணேன், பாஸ்வேர்டு கேக்குதுப்பா" என்று வருவார்கள். ஆதாரில் இருக்கிற ஆங்கிலப் பெயரின் முதல் நாலு எழுத்து, கேப்பிட்டலில், அதை ஒட்டிப் பிறந்த வருஷம். லட்சுமி, 1956 என்றால் எல்-ஏ-கே-எஸ், இடைவெளி விடாமல் 1956. அவ்வளவுதான். ஜெராக்ஸ் கடை மெயிலுக்கு அனுப்பி பிரின்ட் எடுத்தால், வேலை முடிந்ததும் அங்கே அழித்துவிட்டார்களா என்று நின்று பாருங்கள். அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் லாக் அவுட் பண்ணாமல் நகராதீர்கள்.

ஃபைல் எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்களுக்கு 'எவ்ரிதிங்' என்று ஒரு குட்டி சாஃப்ட்வேர். பெயரில் நாலு எழுத்து அடிப்பதற்குள் பட்டியல் வந்து நிற்கும். விண்டோஸோடு வரும் தேடலில் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்க வேண்டுமா? வீட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. விண்டோஸோடு வரும் டிஃபென்டரே போதும், அப்டேட்டை நிறுத்தாமல் இருந்தால். அதோடு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போடுங்கள். விளம்பரம் போவது ஒரு பக்கம், அந்தப் பச்சைக் கலர் போலி டவுன்லோட் பட்டன்களும் சேர்ந்து மறைந்துவிடும். குரோமில் முழு யூபிளாக் இப்போது ஓடாது, 'லைட்' மட்டும்தான். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ'வுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி டிக் போடுங்கள். கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஃபைலின் வாலில் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது பத்திரிகை இல்லை. சந்தேகமான ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்ற வேண்டாம், ஏற்றுவதை மற்றவர்களோடு பகிர்வது அவர்கள் வழக்கம்.

ஆனால் இந்தக் காலத்துத் திருடன் வைரஸ் அனுப்பிக் கஷ்டப்படுவதில்லை, போன் பண்ணிவிடுகிறான். எங்கள் ரெண்டாவது மாடி மாமிக்கு "இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று மெசேஜ். அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் மரியாதையாகப் பேசி, ஸ்கிரீனை அவன் பார்க்கும்படி ஒரு ஆப் போடச் சொல்லியிருக்கிறான். மாமி பாதியில் சந்தேகப்பட்டு, போனை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார். "அவன் இன்னும் லைன்லதான் இருக்கான், நீ பேசு" என்கிறார்! பணம் போயிருந்தால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் பண்ணுவது, பேங்க் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஸ்பீட் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர் வகையறாக்களை ஏறெடுத்தும் பார்க்காதீர்கள். மெஷின் மெதுவாக இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் தேவையில்லாததை டிஸேபிள் பண்ணுங்கள். அதற்கும் மசியவில்லை, உள்ளே இருப்பது பழைய சுற்றும் டிஸ்க் என்றால், ஒரு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டே இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மாற்றுங்கள். பத்து வயசு லேப்டாப் திடீரென்று இளவட்டம் ஆகிவிடும்.

பழைய மெஷினில் இன்னொரு சிக்கல், விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து செட்டிங்ஸை சிங்க் பண்ணச் சம்மதித்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் இலவசமாகக் கிடைக்கும். விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறார்கள். அதற்காக நன்றாக ஓடுகிற பெட்டியை எடைக்குப் போடாதீர்கள். மெயில், யூடியூப், பில் கட்டுவது மட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொடுங்கள். எங்கப்பா நாலு மாசமாக அதில்தான் பேப்பர் படிக்கிறார். "ஐகான் கொஞ்சம் மாறியிருக்கு" என்றார், அதோடு சரி.

தமிழில் அடிக்க இப்போது தனியாக ஒன்றும் போட வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11-இல் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் ஒலிப்பு முறை விசைப்பலகை கிடைக்கும். நிறைய எழுதுகிறவர்கள் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழ்99 விசைப்பலகை பழகிவிடுங்கள். 'அம்மா'வுக்கு நாலே தட்டு: அ, ம, ம, ஆ. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

முதல் மாடியில் ரிட்டயர்டான தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். இருபது வருஷத்துக்கு முன்னால் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த கவிதைகள் புது லேப்டாப்பில் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிய, வைரஸ் தின்றுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை ஐயா என்றேன். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்தி வைத்தவை, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். இப்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கன்வெர்ட்டரில் போட்டதும் ஒவ்வொரு வரியாகத் தமிழ் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முதல் கவிதையை எனக்கு முழுசாக வாசித்துக் காட்டினார். வேலைக்கு லேட்டாகத்தான் போனேன்.

அவருக்குப் பிடித்த தளங்களையே உங்களுக்கும் சொல்கிறேன். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ரெண்டும் இலவசம். பட்டா, வில்லங்கம் பார்க்க அரசுத் தளங்களே இருக்கின்றன, புரோக்கருக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை அங்கே பாருங்கள்.

அழிந்த ஃபைலை மீட்க முடியுமா என்று யாராவது கேட்பீர்கள். சுற்றும் டிஸ்க் என்றால் ரெக்குவா என்ற மீட்பு மென்பொருளைப் போட்டுப் பார்க்கலாம். அழித்தது தெரிந்ததும் அந்த டிரைவில் வேறெதையும் எழுதாதீர்கள், ரெக்குவாவையே வேறு டிரைவில் போடுங்கள். எஸ்எஸ்டி என்றால் அநேகமாகப் போனது போனதுதான். தண்ணீரில் நனைந்த டிஸ்க் என்றால் கரண்ட் கொடுக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், அரிசி மூட்டையிலும் புதைக்காதீர்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு நேராக ரெக்கவரி லேபுக்கு எடுத்துப் போங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பிளாட்டின் தரைத்தளத்தில் ஒரு தம்பி வீட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். சோபா, வாஷிங் மெஷின் எல்லாம் போனது. அந்தத் தம்பியின் சிபியு மட்டும் ஷெல்ஃபின் மேல் தட்டில், மேலே ஒரு பெட்ஷீட் போர்த்தி, உலர்ந்தபடி உட்கார்ந்திருந்தது.