நூனவுட்: சும்மா கிடக்கும் நிலமா?

அன்புள்ள சார்,

வட கனடாவின் நூனவுட் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு நிலம், 2021 கணக்கெடுப்பில் சுமார் 37,000 பேர், மண்ணுக்கடியில் தங்கமும் இரும்பும். அப்படியும் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் என்கிறீர்கள். கணக்கு உதைக்கிறதே? அவ்வளவு நிலமும் சும்மாதானே கிடக்கிறது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

தங்கம் யாருடையது என்று முதலில் பாருங்கள். கனடா அரசோடு செய்த 1993 ஒப்பந்தத்தில், அங்கே வாழும் பூர்வகுடிகளான இனூயிட் மக்களுக்குச் சொந்தமானது சுமார் மூன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர். அதிலும் கனிம உரிமையோடு கிடைத்தது பத்தில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் பெரும்பாலும் ஒட்டாவாவின், அதாவது கனடா மத்திய அரசின் கையில். அந்த நிலத்தின் பொறுப்பை நூனவுட் அரசுக்கு மாற்றும் ஒப்பந்தமே 2024 ஜனவரியில்தான் கையெழுத்தானது.

சாப்பாட்டு விஷயம் வேறு. 25 ஊர்கள், ஊருக்கு ஊர் சாலை கிடையாது. கோடையில் பனி விலகும்போது கப்பல் வரும். மாவு, டயபர், சிமெண்ட் என்று வருடத்துக்கு வேண்டியதை அப்போதே வாங்கிப் போடலாம், கையில் மொத்தமாகக் காசு இருந்தால். இல்லாதவர்கள் விமானத்தில் வந்த தக்காளியைக் கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதுதான்.

முன்பு அந்தக் காசு சீல் என்னும் கடல்நாயின் தோலிலிருந்து வந்தது. கறி வீட்டுக்கு, தோல் விற்பனைக்கு. தோல் விற்றுத்தான் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்குப் பெட்ரோலும் துப்பாக்கிக்குத் தோட்டாவும். 1983-இல் இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் சீல் குட்டிகளின் தோலுக்குத் தடை போட்டது. வெள்ளை ரோமத்தோடு பனியில் கிடக்கும் அந்தக் குட்டியின் படத்தைப் பார்த்திருந்தால் தடை கேட்கும் மனுவில் நானும்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் இனூயிட் வேட்டையாடியது வேறு வகைச் சீல். சட்டத்தில் அவர்களுக்கு விலக்கும் இருந்தது. சீல் தோல் என்றாலே வாங்குபவர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்த பிறகு விலக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விலை சரிந்தது. பெட்ரோலுக்கு வழியில்லாமல் வேட்டை குறைந்தது, கறியும் குறைந்தது. அப்புறம் அந்தத் தக்காளிக் கடைதான்.

சும்மா கிடக்கும் நிலம் என்று 1953-இல் ஒட்டாவாவும் நினைத்தது. கியூபெக் மாகாணத்தின் இனுக்ஜுவாக்கிலிருந்து சில இனூயிட் குடும்பங்களைக் கப்பலேற்றி, சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே, இன்றைய நூனவுட்டில் கொண்டுபோய் இறக்கியது. குளிர்காலத்தில் மூன்று மாதம்போல சூரியனே எழாத இடம். வேட்டை நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். திரும்பக் கேட்டவர்களை அனுப்பவில்லை. மன்னிப்புக் கேட்டது 2010-இல்.