கேளுங்கள், சொல்கிறோம்: ரோமானியரின் பளிங்கு அஸ்திக் கலசங்கள்

ஆதிச்சநல்லூர் தாழிக்குள் ஓர் ஆளே அடங்குவார். ரோமானியரின் பளிங்குக் கலசம் மட்டும் ஏன் இவ்வளவு சிறியது? (வாசகர், ஸ்ரீவைகுண்டம்)

தாழிக்குள் உடலையோ சேகரித்த எலும்புகளையோ வைத்துப் புதைத்தார்கள். ரோமில் கி.பி. 1ஆம் நூற்றாண்டில் எரிப்பதே பெருவழக்கு. பெரியவர் ஒருவரை எரித்தால் மிஞ்சுவது சுமார் 2, 3 கிலோதான். சிதை அணைந்ததும் எலும்புத் துண்டுகளைப் பொறுக்கி, திராட்சை மதுவால் கழுவிக் கலசத்தில் இட்டார்கள். அதற்கு அந்த அளவே தாராளம்.

நாம் தாமிரபரணியில் கரைத்துவிடுகிறோம். அவர்கள் ஏன் கரைக்கவில்லை? (வாசகி, பாளையங்கோட்டை)

இறந்தவருக்குத் தொடர்ந்து படைக்க வேண்டும் என்று நம்பினார்கள். பிப்ரவரி 13 முதல் 21 வரை பெற்றோரையும் முன்னோரையும் நினைக்கும் நாட்கள். படைப்பதற்குக் கல்லறை என்று ஓர் இடம் வேண்டுமே! மதுவும் பாலும் உள்ளே இறங்கும்படி சில கலசங்களின் மூடியில் துளையே உண்டு.

அந்த வேலைப்பாட்டை எப்படிச் செதுக்கினார்கள்? (சிற்பக்கலை மாணவர், அம்பாசமுத்திரம்)

இத்தாலியின் கராரா மலைப் பளிங்கு பெரிதும் பயன்பட்டது. கலசம் மாடக்குழியில் நிற்கும் என்பதால் உழைப்பெல்லாம் முன்முகத்தில்தான். முதுகுப்புறம் பெரும்பாலும் வெறுமை. மேல் மூலைகளில் ஆட்டுக்கிடாய்த் தலைகள், அவற்றின் கொம்பிலிருந்து தொங்கும் பழமாலை, கீழே கழுகு. மாலைக்குப் பின்னால் ஆழம் காட்ட, துறப்பணத்தால் வரிசையாகத் துளையிட்டு, இடைச் சுவர்களை உளியால் தட்டி எடுத்தார்கள். இந்தத் துளைத் தடத்தைப் பல கலசங்களில் இன்றும் பார்க்கலாம். இதில் அவசரம் ஆகாது: கல்லை அளவுக்கு மீறிக் குடைந்துவிட்டால், மெல்லிய இலைக்காம்பு ஒரே தட்டில் உடைந்துவிடும்.

நடுவில் பெயர்ப்பலகை. பட்டறைகள் அதை வெறுமையாக விட்டு விற்றதும் உண்டு. வாங்கியவர் பெயர், வயது, கலசம் வைத்தவர் யார் என்று வெட்டிக்கொள்வார். முதல் வரியில் 'டி எம்', அதாவது இறந்தோரின் ஆவிகளுக்கு. எதுவும் எழுதப்படாமலே நின்றுபோன கலசங்களும் கிடைத்திருக்கின்றன.

மூடியை இரும்புக் கொக்கி வைத்து, ஈயம் உருக்கி ஊற்றிப் பிடிப்பார்கள். ஈயம் சரியாக நிரம்பாவிட்டால் இரும்பில் நீர் புகும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், பளிங்கு உள்ளிருந்தே வெடிக்கும். மூடி ஓரத்து விரிசலுக்கு முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பளிங்குக் கலசத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகி, தென்காசி)

கூடாது. புளி பித்தளைக்கு நல்லது. பளிங்கோ சுண்ணாம்புக்கல் இனம், புளியின் அமிலம் அதை அரித்து மினுக்கத்தைக் கெடுத்துவிடும். எலுமிச்சையும் வினிகரும் அப்படியே. மென்மையான தூரிகை, சுத்தமான நீர், உடனே துடைப்பு போதும்.