கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரில் இடமே இல்லையென்றால் என்ன செய்வது?

கேள்வி இது: சிறிய ஊர். குழந்தைக்கு ஐந்து மாதம். அடுத்த மாதம் மகப்பேறு விடுப்பு முடிகிறது. ஊரில் இருக்கும் இரண்டு டே-கேரிலும் ஒன்றரை வயதுக்குக் கீழே எடுப்பதில்லை. வீட்டுப் பெரியவர்கள் வந்து தங்க முடியாத நிலை. என்ன வழி?

எடுக்க மாட்டோம் என்று சொன்ன டே-கேரிடம் போய்க் கெஞ்சாதீர்கள். அவர்கள் சொன்னது நேர்மையான பதில். பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரே ஆயா இருக்கும் இடத்தில் கைக்குழந்தை தொட்டிலிலேயே கிடக்கும். ஒருவர் கையில் மூன்று கைக்குழந்தைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. உங்களுக்கு வேண்டியது இடம் இல்லை, ஒரு ஆள்.

அதற்கு முன் இரண்டு விசாரிப்புகளை முடித்துவிடுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்த்து வரலாம் என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதி. பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்தும் நடத்தலாம். வாய்வார்த்தையாகக் கேட்டால் தள்ளிப்போகும், எழுத்தில் கேளுங்கள். அடுத்தது அங்கன்வாடி. சாதாரண அங்கன்வாடியில் ஆறு மாதக் குழந்தைக்குச் சத்துமாவு கிடைக்கும், பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பால்னா என்ற அரசுக் காப்பகத் திட்டத்தில் சில அங்கன்வாடிகள் காப்பகத்தோடு நடக்கின்றன. 6 மாதம் முதல் 6 வயது வரை சேர்க்கலாம். உங்கள் வட்டாரத்தில் இருக்கிறதா என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டும் இல்லையென்றால், நடந்து போகும் தூரத்தில், தன் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்ட ஒரு அக்காவைத் தேடுங்கள். விளம்பரம் வேண்டாம். தெருவில் எந்த வீடு எப்படி என்று அங்கன்வாடி ஊழியருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் தெரியும். உங்களைப் போலவே தவிக்கும் இன்னொரு தாய் கிடைத்தால் இரண்டு குழந்தைக்கு ஒரு ஆள் என்று சம்பளத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

அந்த அக்கா வீட்டுக்குப் போனதும் கண் முதலில் தரைக்குப் போகட்டும். குளியலறை வாசலில் தண்ணீர் நிறைந்த வாளி இருக்கிறதா? தவழத் தொடங்கும் குழந்தை அரை வாளித் தண்ணீரில் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. தூளி கட்டியிருந்தால் கொக்கியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். புரளவும் உட்காரவும் பழகிய குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகக் கூடாது. பெரிய பிள்ளைகள் அதை முறுக்கி ஆட்டவும் கூடாது, துணி கழுத்தைச் சுற்றிவிடும். தரையில் பாய் விரித்து, தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை முடியும் வரை குழந்தையை விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம். காசநோய் கைக்குழந்தையைத் தாக்கினால் மூளை வரை போகக்கூடும்.

"நல்லா பாத்துக்குவீங்களாக்கா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "மதியம் விடாம அழுதா என்னக்கா குடுப்பீங்க?" என்று கேளுங்கள். வசம்பு உரசி வைப்பேன், நாக்கில் தேன் தடவுவேன், சளி மருந்து கொஞ்சம் கொடுப்பேன் என்று பதில் வரலாம். மூக்கில் எண்ணெய் விடுவதும் பல வீடுகளில் வழக்கம். தன் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்திருப்பார், அதனால் கோபப்படாமல் காரணத்தோடு சொல்லுங்கள்: எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்பைத் தாக்கும் கிருமி தேனில் இருக்கலாம், சளி மருந்தின் மயக்கம் மூச்சை அடக்கும். கேட்டுக்கொள்கிறவரை நம்பலாம். "எல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்று முகம் திருப்பினால் வேறு ஆள் பாருங்கள்.

பழக்குவதை இன்றே தொடங்குங்கள். ஏழு, எட்டு மாதத்தில் குழந்தைக்கு வேற்றுமுகம் தெரிய ஆரம்பிக்கும். அதற்கு முன் அந்த அக்காவின் குரலும் மடியும் பழகிவிட்டால் பிரிவு பாதி லேசாகும். முதல் வாரம் நீங்களும் கூட உட்காருங்கள். இரண்டாம் வாரம் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள். மூன்றாம் வாரம் அரை நாள், அதற்குள் ஒரு வேளைப் பாலும் ஒரு தூக்கமும் அவர் கையில் நடக்க வேண்டும். நான்காம் வாரம் இரண்டு முழு நாள். இந்த நாட்களுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள்.

தாய்ப்பால்தான் பலருக்குச் சிக்கல். நீங்கள் இல்லாத நேரத்துக்கு மணிக்கு 30 முதல் 45 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மணி நேரத்துக்கு 270 முதல் 405 மில்லி வரும். ஒரே பாட்டிலில் கொடுத்தனுப்பாமல் 60, 90 மில்லியாகப் பிரியுங்கள். குடித்து மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பெரிய பாட்டில் என்றால் வீணாகும். பீய்ச்சிய பால் 25 டிகிரியில் 4 மணி நேரம் தாங்கும், நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது. ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் 4 நாள், உறைந்த ஐஸ் பேக் வைத்த பெட்டியில் 24 மணி நேரம். சூடான தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றட்டும், அடுப்பில் நேராக வேண்டாம். பாட்டிலை மறுக்கும் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடைக் கிண்ணம் போதும். பழக்கும்போது நீங்கள் அறையில் இருக்காதீர்கள். தாயின் வாசனை இருக்கும் வரை பாலாடையை வாங்காமல் போகலாம்.

சேர்த்த பின் ஒரு நாற்பது பக்க நோட்டில் பால், தூக்கம், சிறுநீர் மூன்றையும் அவர் குறித்துவைக்கட்டும். பகலில் மூன்று தடவைகூட நனைக்கவில்லை என்றால் பால் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு மணி நேரம் தூங்கும் குழந்தை அங்கே மட்டும் தினமும் நான்கு மணி நேரம் தூங்கி, மாலையிலும் மந்தமாக இருந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்லாமல் மதியம் இரண்டு மணிக்கு ஒரு நாள் போய் நில்லுங்கள். வரலாம் என்பதை முதலிலேயே பேசி வைத்திருந்தால் அவருக்கும் வருத்தம் இராது.

மாதச் சம்பளமாகப் பேசுங்கள், நீங்கள் லீவு போட்ட நாளுக்குப் பிடிக்காதீர்கள். பெரிய தொகையை முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். சரிப்படாதபோது விலக இரண்டு பேருக்கும் தயக்கம் வந்துவிடும். அவருக்கும் காய்ச்சல் வரும், ஊர்த் திருவிழா வரும். அந்த நாட்களுக்குக் கணவனும் மனைவியும் யார் விடுப்பு எடுப்பது என்று இப்போதே முறை பிரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது எப்போதும் தாயின் தலையில்தான் விழும்.