வாசகர் கேள்வி பதில்: கோஸ் சாலட் ஏன் தண்ணி விடுது?

கேள்வி: மயோனைஸ் போட்ட கோல்ஸ்லான்னா (அதான், கோஸ் சாலட்) என் பசங்களுக்கு உசுரு. 2025 ஏப்ரல்ல பச்சை முட்டை மயோனைஸுக்கு தமிழக அரசு ஒரு வருஷம் தடை போட்டப்போ வீட்லயும் அத நிறுத்திட்டேன், இப்ப வினிகர் ஊத்திதான் செய்றேன். ஆனா அரை மணி நேரத்துல கிண்ணத்துல தண்ணி நிக்குது, ருசியும் சப்புன்னு ஆயிடுது. என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கோஸ்ல 90 சதவீதத்துக்கு மேல தண்ணிதாங்க, உப்பு பட்டா அது வெளிய வந்தே தீரும். அதனால டிரெஸ்ஸிங் ஊத்துறதுக்கு முன்னாடியே அத வர வச்சிடுங்க. அரை கிலோ கோஸ எடுத்து மேல் இலைய உரிச்சு போட்டுட்டு, நல்லா கழுவி, கத்தியால எவ்ளோ மெல்லிசா முடியுமோ அவ்ளோ மெல்லிசா நறுக்குங்க (துருவாதீங்க, துருவினா கூழாயிடும்). ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு கையால பிசறி வடிகட்டில அரை மணி நேரம் விட்டுட்டு, அப்புறம் கைப்பிடி கைப்பிடியா எடுத்து இறுக்கிப் பிழிங்க. எவ்ளோ தண்ணி வருதுன்னு நீங்களே பாப்பீங்க. வாயில போட்டு பாத்து உப்பு கரிச்சா ஒரு தடவை அலசிட்டு திரும்ப பிழிஞ்சுக்கலாம்.

டிரெஸ்ஸிங்குக்கு நாலு டேபிள்ஸ்பூன் வினிகர், ரெண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் பொடிச்ச மிளகு, கொஞ்சம் கடுகுப்பொடி. சர்க்கரை கரையுற வரைக்கும் சூடு பண்ணா போதும், எவர்சில்வர் பாத்திரத்துலயே பண்ணுங்க, அலுமினியத்துல புளிப்பு வைக்கவே கூடாது. இறக்கி ரெண்டு டேபிள்ஸ்பூன் ரீஃபைண்ட் ஆயில் சேத்து சூட்டோடயே கோஸ், கேரட், மெல்லிசா அரிஞ்ச வெங்காயம் எல்லாத்து மேலயும் ஊத்திடுங்க. நல்லெண்ணெய் வேணாம், அதோட வாசனை மத்த எல்லாத்தையும் அமுக்கிடும். ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் இருந்தாதான் புளிப்பு உள்ள இறங்கும், செஞ்ச உடனே சாப்பிட்டு இது நல்லால்லன்னு முடிவு பண்ணிடாதீங்க!

அமெரிக்காவுல வட கரோலினால லெக்சிங்டன்னு ஒரு ஊர், அங்க கோல்ஸ்லால மயோனைஸே கிடையாது, வினிகரும் கெட்சப்பும் மிளகும்தான், செக்கச்செவேல்னு இருக்கும். விறகுத் தணல்ல பல மணி நேரம் வேகவச்ச பன்றிக்கறியோட சாப்பிடுவாங்க, அந்தக் கொழுப்புக்கு புளிப்பு அவ்ளோ எடுப்பா இருக்கும். நம்ம வீட்ல மீன் வறுவலுக்கும் மட்டன் சுக்காவுக்கும் இதே கணக்குதான். பசங்களுக்குன்னு கேக்குறீங்க, அப்ப ரெண்டு ஸ்பூன் கெட்சப் கலந்து குடுத்துப் பாருங்க.

கேள்வி: கடையில சிந்தெடிக் வினிகர்னு போட்ருக்கே, அத வாங்கலாமா? செஞ்ச சாலட்ட எத்தனை நாள் வச்சுக்கலாம்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: அது அசிட்டிக் ஆசிட்ல தண்ணி கலந்து செய்றது, சாப்பாட்டுக்குன்னு விக்கிறத வாங்கலாம். புளிப்பு கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், சர்க்கரை அரை ஸ்பூன் கூட போட்டுக்கோங்க. கரும்பு வினிகரோ ஆப்பிள் சைடர் வினிகரோ கிடைச்சா என் ஓட்டு அதுக்குத்தான். ஆனா ஒண்ணு, தண்ணி கலக்காத அசிட்டிக் ஆசிட் பாட்டில வாங்கி நாமளே கலந்துக்கலாம்னு தயவுசெஞ்சு இறங்காதீங்க, தோல்ல பட்டாலே வெந்துடும், அது சமையலறைக்குள்ள வரவே வேணாம். சாலட் ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் நல்லா இருக்கும். வினிகர் இருக்கேன்னு ஊறுகாய் மாதிரி வெளிய வச்சிடாதீங்க, இந்த அளவு புளிப்பு அதுக்கு பத்தாது.

கேள்வி: ஊதா கோஸ் கழுவினா தண்ணி நீலமா வருது, சாயம் ஏத்திருக்காங்களா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: இல்லைங்க, அது அந்த கோஸோட சொந்த நிறமி, ஆந்தோசயனின்னு பேரு. உப்புத்தண்ணி, போர் தண்ணில காரத்தன்மை இருந்தா நீலமாகும், புளிப்பு பட்டா ரோஸாகும். அந்த நீலத் தண்ணிலயே ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க, கண்ணு முன்னாடியே மாறும். பயப்படாம சாலட்ல போடுங்க, என்ன, கூட இருக்க வெங்காயமும் வெள்ளை கோஸும் சேந்து ரோஸாயிடும், அது வேணாம்னா கடைசி நேரத்துல கலந்துக்கோங்க.