பழத்துக்குள்ளேயே முளைத்த தக்காளி விதைக்கு ஹார்மோன் பொடி எதற்கு?

ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்தமாக விதை எடுக்கலாம் என்று பி.கே.எம்-1 தக்காளியில் நல்ல பழங்களாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருக்கிறார். வேலை மும்முரத்தில் மூன்று வாரம் ஓடிவிட்டது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு போல முளைகள். மருந்துக்கடைக்காரர், "செடிக்கு ஹார்மோன் குறைச்சல்" என்று சொல்லி ஒரு கிராம் ஜிப்ரலிக் அமிலப் பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறார். முளைக்காத விதைகளை அதில் ஊறவைக்க வேண்டுமாம். அவசரத்துக்கு நர்சரியில் வாங்கி நட்ட நாற்றும் குட்டையாகவே நிற்கிறது. அதற்கும் இதே பொட்டலத்தைப் பத்து லிட்டர் டேங்கில் கலந்து அடிக்கலாம் என்றிருக்கிறார். செய்யலாமா என்பது கேள்வி.

விதைக்கு வேண்டவே வேண்டாம். நாற்றுக்கும் ஒரே ஒரு நிலைமையில்தான் பயன்படும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தக்காளி விதையை ஒரு கன்றாக நினைத்துக்கொள்ளுங்கள். பழத்துக்குள் இருக்கும்வரை அது ஓடாமல் கட்டி வைத்திருக்கும் கயிறு அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். பழச்சாற்றின் செறிவும் அந்தக் கயிற்றுக்குத் துணை. வெளியே வந்து ஈரம் பட்டதும் கன்றைக் கிளப்பி ஓடவைப்பது ஜிப்ரலின் என்ற ஹார்மோன்; கடைக்காரர் கொடுத்த ஜிப்ரலிக் அமிலம் அதில் ஒரு வகை. உங்கள் பழத்தில் கயிறு அவிழ்ந்துவிட்டது, அவ்வளவுதான். அவிழ்ந்து ஓடும் கன்றை மேலும் விரட்டச் சொல்கிறார் கடைக்காரர்.

இது என் ஊகம் இல்லை. ஒரு ஹார்மோன் மட்டும் குறையும்படி மரபணு மாறிய (திடீர்மாற்ற) தக்காளிச் செடிகளை வைத்துப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்த விஷயம். ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்டுப்பே உருவாக்கிய ஒரு செடிக்கு சிட்டியன்ஸ் என்று பெயர்; லத்தீனில் 'தாகித்திருப்பது' என்று பொருள். அதற்கு அப்சிசிக் அமிலம் மிகக் குறைவு. மண்ணில் ஈரம் இருந்தாலும் வெயில் ஏறியதும் துவண்டு தொங்கும், ஏனென்றால் இலைத்துளைகளை மூடச் சொல்வதும் அதே அமிலம்தான். அதன் பழம் நன்றாகக் கனிந்ததும் உள்ளேயே விதை முளைத்துவிடும்.

இதற்கு நேர் எதிரானது நெதர்லாந்தின் வாகனிங்கனில் ஆராயப்பட்ட ஜிப்-1. ஜிப்ரலின் தயாரிக்கத் தெரியாத செடி. இதன் விதை ஈரத்தில் எத்தனை நாள் கிடந்தாலும் முளைக்காது. ஜிப்ரலின் கரைசலில் போட்டால் முளைக்கும். அல்லது வேர்நுனியை மூடியிருக்கும் பகுதியை மட்டும் பிளேடால் மெல்லச் சீவிவிட்டால், ஹார்மோனே இல்லாமல் வேர் எட்டிப் பார்க்கும். க்ரூட், கார்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1987இல் இதை விளக்கினார்கள்: விதைக்குள் வேருக்கு முன்னால் இருக்கும் கெட்டியான திசுவை இளக்கி வழிவிடுவதுதான் அங்கே ஜிப்ரலினின் வேலை. அப்படிச் சீவி முளைக்கவைத்த செடியோ கணுக்கள் நெருங்கி, கரும்பச்சை இலையோடு குள்ளமாகவே நிற்கும். ஜிப்ரலின் தெளித்தால் தண்டு நீளும்.

ஆக, ஜிப்ரலின் குறைந்த விதை முளைக்காமல் கிடக்கும்; முந்திக்கொண்டு முளைக்காது. கடைக்காரர் சொன்ன காரணம் தலைகீழ். உங்கள் செடிகள் காட்டில் துவளாமல் நின்றனவா? அப்படியானால் அவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. பழம் அதிக நாள் இருந்துவிட்டது.

முளைத்த விதைகளை வீணாக்க வேண்டாம். முளை ஒடியாமல் எடுத்து, உடனே தென்னைநார்க் கழிவு போட்ட குழித்தட்டில் வையுங்கள். அவற்றை மட்டும் காயவைத்துவிடாதீர்கள். வேர் வெளிவந்த பிறகு காய்ந்தால் விதை செத்துவிடும். இனிமேல் பழம் சிவந்து, கையில் உறுதியாக இருக்கும்போதே விதை எடுங்கள். சதையோடு பிசைந்து ஒரு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். நாள் கூடப் புளிக்கவிட்டால் அங்கேயும் முளைத்துவிடும். விதைப்பதற்கு முன் 50 விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் 35 முளைத்தால் 70 சதவீதம். சான்று பெற்ற தக்காளி விதைக்கே அதுதான் குறைந்தபட்ச அளவு.

சரி, இப்போது குட்டை நாற்று. பி.கே.எம்-1 பெரியகுளத்திலிருந்து வந்த ரகம், அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியில் தூண்டி உண்டாக்கிய திடீர்மாற்றம். கொடி போல ஓடாமல் ஒரு அளவோடு நின்றுவிடுவது அதன் சுபாவம். நாற்று அந்த ரகமாக இருந்தால் அதைக் குறையாக நினைத்து மருந்து அடிக்காதீர்கள். இலை மஞ்சள் பாய்ந்து மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். ஜிப்ரலின் அதை ஒன்றும் செய்யாது.

நான் சொன்ன ஒரே நிலைமை வேறு. நாற்று நெட்டையாக ஓடாமல் திடமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சில நர்சரிகளில் குளோர்மெக்வாட் தெளிக்கிறார்கள். மாமரத்துக்கு வேரில் ஊற்றுகிற பக்லோபியூட்ரசாலையே கலக்குகிறவர்களும் உண்டு. இரண்டும் செடி ஜிப்ரலின் தயாரிப்பதைத் தடுப்பவை. ஜிப்-1 செடியில் எந்தப் படியில் கோளாறோ, அதே படியில்தான் குளோர்மெக்வாட் கைவைக்கிறது. அதாவது நல்ல நாற்றைத் தற்காலிகமாக ஜிப்-1 ஆக்கிக் கொடுக்கிறார்கள். வாங்கும்போது தட்டில் கட்டையாக, கரும்பச்சையாக, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். நட்டு இரண்டு வாரம் ஆகியும் புதுக்கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே வந்தால், அளவு மீறிவிட்டது என்று சந்தேகப்படலாம். நர்சரிக்காரரிடம் என்ன அடித்தார், எப்போது அடித்தார் என்று நேராகக் கேளுங்கள். அடித்தது உண்மை என்றால் மட்டும், ஐந்து செடிகளுக்கு ஜிப்ரலிக் அமிலத்தை லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் கொழுந்து நனையும்படி ஒரு தடவை தெளித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் கணுக்கள் விலகி, தண்டும் திடமாக இருந்தால் மற்றவற்றுக்கும் ஒரே தடவை. தண்டு மெலிந்து, இலை வெளிறினால் அதோடு நிறுத்துங்கள்.

அளவைக் கவனியுங்கள். ஒரு கிராம் பொடியை இந்தக் கணக்கில் கலக்க 100 லிட்டர் தண்ணீர் வேண்டும். உங்களுக்குச் சொன்னது பத்து லிட்டர்! பத்து மடங்கு. நல்ல நாற்றுக்கு அதை அடித்தால் இரண்டே நாளில் கிடுகிடுவென்று உயரும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், அப்புறம் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். அந்தப் பொடி சும்மா தண்ணீரில் சரியாகக் கரைவதும் இல்லை. முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமலே விற்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஜிப்ரலிக் அமிலம் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகிற பொருள். பதிவு எண், தொகுதி எண், காலாவதித் தேதி, பயன்படுத்தும் முறை எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது பெயர் எழுதாத பிளாஸ்டிக் உறை. விதைப் பாக்கெட்டில் முளைப்புத்திறன் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நாற்றுத்தட்டில் என்ன தெளித்தார்கள் என்று எழுதிய சீட்டை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. புகார் கொடுத்தால் மாதிரி எடுத்து, அனுப்பி, முடிவு வருவதற்குள் பருவமே முடிந்துவிடுகிறது. நட்டவருக்கு அதனால் என்ன பலன்?

அதனால் பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பில் கேளுங்கள், தர மறுத்தால் அந்தக் கடையில் வேறு எதையும் வாங்காதீர்கள். அடுத்த முறை நாற்று வாங்கும்போது, அதே ரகத்தில் ஒரு தட்டு நீங்களே போட்டு வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது தானாகக் குட்டை, எதைக் குட்டையாக்கினார்கள் என்பது கண்ணிலேயே தெரிந்துவிடும்.